குடைமிளகாய்ச் செடியைப் பிடுங்கிவிடலாமா?

வாசகி ஒருவர் மூன்று பக்கத்துக்கு எழுதியிருக்கிறார். சுருக்கித் தருகிறேன்.

சமையலுக்கு வாங்கிய பச்சைக் குடைமிளகாயிலிருந்து 40 விதைகளை எடுத்து, தோட்டத்து மண் நிரப்பிய தொட்டியில் அன்றே ஊன்றினார். ஆழம் 2 செ.மீ. தொட்டி இருந்தது வீட்டுக்குள், அரைகுறையாக வெளிச்சம் வரும் ஜன்னலோரத்தில். காலையும் மாலையும் தண்ணீர். மூன்று வாரம் கழித்து 6 விதைகள் முளைத்தன. நாற்றுகள் நூல்போல நீண்டன. அவற்றில் 4, மண்ணை ஒட்டிய இடத்தில் சுருங்கி ஒரே இரவில் சாய்ந்தன. ஐந்தாவது, வெயிலில் வைத்த அன்றே வெளுத்துக் கருகியது. மிஞ்சிய ஒன்றைத் தக்காளிக்குச் செய்வதுபோலப் பாதித் தண்டுவரை புதைத்து, 15 லிட்டர் தொட்டியில், காரமிளகாய்ச் செடிக்குப் பக்கத்தில் வைத்தார். வாரத்துக்கு ஒரு தேக்கரண்டி யூரியா, ஆறு வாரமாக. செடி இப்போது புதராக, கரும்பச்சையாக நிற்கிறது. பூக்கிறது, பூ உதிர்கிறது. முதல் கவட்டையில் தங்கிய ஒரே காயின் அடியிலும் கருந்தழும்பு. முட்டையோட்டுப் பொடியும், யாரோ சொன்னார்கள் என்று மெக்னீசியம் சல்பேட்டும் போட்டுப் பார்த்தார். பலனில்லை.

அவருடைய கேள்விகள்: கடைக்காயின் விதையை முளைக்காதபடி ஏதாவது செய்துவிடுகிறார்களா? பக்கத்தில் காரமிளகாய் இருப்பதால் காய் காரமாகிவிடுமா? அடியில் மூன்று புடைப்பு இருந்தால் ஆண் காய், நான்கு இருந்தால் பெண் காய் என்கிறார்களே? அடுத்த முறை வீரிய ஒட்டு விதை (இரண்டு ரகங்களைக் கலந்து உண்டாக்கிய விதை) வாங்கலாமா, அதிலிருந்து மறுபடி விதையெடுப்பது சட்டப்படி தப்பா? இருக்கும் செடியைப் பிடுங்கிப் போட்டுவிடலாமா? கடிதத்தின் ஓரத்தில் இன்னொன்று: அந்தக் கருந்தழும்புக் காயைத் தின்னலாமா?

செடியைப் பிடுங்க வேண்டாம். முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இதைப் படித்து முடிப்பதற்குள் பிடுங்கிவிடுவீர்களோ என்று பயமாக இருக்கிறது. நீங்கள் எழுதியிருக்கும் அடையாளங்களை வைத்துப் பார்த்தால் அந்தச் செடிக்கு நோய் எதுவும் இல்லை. அதற்குத் தீனி அதிகமாகிவிட்டது, தண்ணீர் சீராகக் கிடைக்கவில்லை, அவ்வளவுதான். குடைமிளகாயை ஒரு பருவச் செடியாக நினைத்து வளர்க்கிறோம். உண்மையில் அது பல ஆண்டு வாழக்கூடியது. உறைபனி படாத இடத்தில் கவாத்து செய்து அடுத்த ஆண்டும் காய்க்க வைக்கலாம். 40 விதையில் தப்பிய ஒன்றுக்கு இன்னும் இரண்டு மாதம் கொடுப்பதில் நட்டமில்லை.

விதையிலேயே நடந்த தவறு

கடைக்காயின் விதையை யாரும் மலடாக்குவதில்லை. பச்சைக் குடைமிளகாய் என்பது தனி நிறத்துக் காய் அல்ல, பழுக்காத காய் (பழுத்தாலும் பச்சையாகவே நிற்கிற ரகங்கள் மிக அபூர்வம்). செடியில் விட்டிருந்தால் அது சிவப்பாகவோ மஞ்சளாகவோ ஆரஞ்சாகவோ மாறியிருக்கும். காய் முழு அளவுக்கு வந்த பிறகுதான் விதை முற்றத் தொடங்குகிறது. நிறம் மாறி முடியும்போதுதான் விதையும் முற்றி முடிகிறது. ஆகவே நீங்கள் ஊன்றிய 40 விதைகளில் பெரும்பாலானவை பிஞ்சு விதைகள். 6 முளைத்ததே பரவாயில்லை என்பேன்.

அடுத்தது, மண்ணின் சூடு. இந்தப் பயிரில் பலரும் தோற்பது இங்கேதான். குடைமிளகாய் விதைக்குக் காற்றின் வெப்பம் பொருட்டல்ல, விதை கிடக்கும் மண்ணின் வெப்பம்தான் கணக்கு. மண் 30 டிகிரி செல்சியஸில் இருந்தால் 8 நாளில் முளை தெரியும். 25 டிகிரியிலும் ஏறக்குறைய அதே வேகம். 20 டிகிரியில் 12, 13 நாள் ஆகும். 15 டிகிரிக்கு இறங்கினால் 25 நாள். 10 டிகிரியில் முளைப்பே இல்லை. ஈரத்தில் கிடந்து அழுகும். உங்களுக்கு மூன்று வாரம் ஆனதிலிருந்து மண் 15 டிகிரியை ஒட்டித்தான் இருந்திருக்க வேண்டும் என்று படுகிறது. நிழலில் இருக்கிற, எப்போதும் சொதசொதவென்று ஈரமாயிருக்கிற தொட்டி, அறையைவிடச் சில டிகிரி குளிர்ச்சியாகவே இருக்கும். ஒரு சாதாரணக் கம்பி வெப்பமானியை மண்ணில் 2 செ.மீ. செருகிப் பார்த்தால் சந்தேகம் தீர்ந்துவிடும்.

அடுத்த முறை விதைக்கும்போது இப்படிச் செய்யுங்கள். சலித்த தென்னை நார்த்தூள் இரண்டு பங்கு, நன்றாக மக்கிய மண்புழு உரம் ஒரு பங்கு. இது போதும், தோட்டத்து மண் வேண்டாம். கையில் எடுத்து இறுக்கிப் பிடித்தால் விரலிடுக்கில் ஓரிரு சொட்டு நீர் கசிய வேண்டும், ஒழுகக் கூடாது. அந்த ஈரத்தில் குழித்தட்டை நிரப்பி, குழிக்கு ஒரு விதை, அரை செ.மீ. ஆழம். விதை முளைக்க வெளிச்சம் தேவையில்லை. ஆகவே முளைக்கும்வரை தட்டை மூடி, வெதுவெதுப்பான இடத்தில் வையுங்கள். மின்சாதனத்தின் மேல்பகுதியோ, நாற்றுக்கென விற்கும் வெப்பவிரிப்போ, எதுவானாலும் மண் 25 முதல் 30 டிகிரிக்குள் நின்றால் சரி. பாதி முளைத்த அன்றே மூடியை எடுத்துவிட்டு வெளிச்சத்துக்கு மாற்றுங்கள். ‘மீதியும் முளைக்கட்டும்’ என்று காத்திருக்கும் இரண்டு நாளில்தான் முந்தி வந்தவை நூலாகின்றன.

பழைய விதையானால் முன்கூட்டியே சோதித்துவிடுங்கள். ஈரத்துணியில் 10 விதையை மடித்து, காற்றுப் போகாத பையில் வைத்து, வெதுவெதுப்பில் 10 நாள் விட்டால், எத்தனை வால் விட்டிருக்கிறது என்பது தெரிந்துவிடும். குடைமிளகாய் விதை நல்ல உலர்வில் இரண்டு மூன்று ஆண்டு தாங்கும்; அதன்பிறகு வேகமாகச் சரியும்.

நூலாய் நீண்டதும், சாய்ந்ததும், கருகியதும்

நூல்போல நீண்டது வெளிச்சக் குறைவால். அதற்கு உரம் மருந்தாகாது. ஜன்னலோரம் நம் கண்ணுக்குத்தான் வெளிச்சம். விளக்கு வைப்பதானால் வெள்ளை எல்இடி குழல்விளக்கே போதும்: நாற்றின் தலைக்கு மேல் 10 செ.மீ. உயரத்தில், நாளுக்கு 14 முதல் 16 மணி நேரம். நாற்று வளர வளர விளக்கையும் உயர்த்த வேண்டும்.

சாய்ந்து விழுந்தது நாற்றழுகல். பித்தியம், ரைசாக்டோனியா போன்ற மண்வாழ் பூசணங்கள், மண்மட்டத்தில் தண்டைக் கவ்வுகின்றன. விழுந்த நாற்றைப் பிடித்துப் பார்த்திருந்தால், மேலே தண்டு உருண்டையாகவும், மண்ணோரத்தில் மட்டும் நனைந்த நூல்போல ஒட்டிப்போயும் இருந்திருக்கும். விழுந்ததைக் காப்பாற்ற வழியில்லை. வராமல் தடுப்பது எளிது: புது நார்த்தூள் கலவை, கழுவிய தட்டு, மேலிருந்து ஊற்றாமல் அடித்தட்டில் நீர் வைத்து 20 நிமிடம் உறிஞ்சவிட்டு மிச்சத்தைக் கொட்டிவிடுவது, மேல்மண் வெளுத்த பிறகே அடுத்த நீர். சின்ன மின்விசிறியைத் தூரத்தில் மெதுவாக ஓடவிட்டால் இரட்டை லாபம்: மேல்மண் காயும், தண்டும் தடிக்கும்.

ஐந்தாவது நாற்று கருகியதற்குக் காரணம் பழக்கமின்மை. நிழலில் வளர்ந்த இலை மெல்லியது. நேர்வெயில் தாங்கும் மேல்தோல் அதற்கு இன்னும் வரவில்லை. முதல் நாள் காலை வெயில் ஒரு மணி நேரம், மறுநாள் இரண்டு என்று 7 முதல் 10 நாளில் முழுவெயிலுக்குக் கொண்டுபோக வேண்டும். காற்றுக்கும் அப்படியே. இந்த நாட்களில் நீரைச் சற்றுக் குறைத்துக் கொள்ளலாம், வாடவிடக் கூடாது.

தண்டைப் பாதிவரை புதைத்தது பெரிய குற்றமில்லை, ஆனால் அடுத்த முறை வேண்டாம். தக்காளித் தண்டு, தொட்ட இடமெல்லாம் வேர் விடும். குடைமிளகாய் அப்படித் தாராளமாக விடாது. வித்திலை (முளைத்ததும் முதலில் விரியும் இரட்டை இலை) இருக்கும் கணுவரை புதைத்தால் போதும். அதற்குமேல் ஈரமண்ணில் புதைவது, அழுகலுக்குத் தண்டை நீட்டிக் கொடுப்பதுதான். 5, 6 உண்மையிலைகள் வந்தபின், அதாவது விதைத்து 6 முதல் 8 வாரத்தில் நடலாம். தொட்டியில் ஒன்று, தரையில் செடிக்குச் செடி 45 செ.மீ.

பூ உதிர்வது: இரவைப் பாருங்கள்

இங்கே இரண்டு காரணங்கள் கைகோத்திருக்கின்றன. ஒன்று உங்கள் கையில் இருப்பது, இன்னொன்று வானத்தின் கையில்.

உங்கள் கையில் இருந்தது யூரியா. சின்னக் கணக்கு போட்டுப் பார்ப்போம். ஒரு தட்டைத் தேக்கரண்டி யூரியா ஏறத்தாழ 4 கிராம். அதில் 46 சதவீதம் தழைச்சத்து. ஆகவே வாரத்துக்கு 1.8 கிராம், ஆறு வாரத்தில் சுமார் 11 கிராம். வயலில் ஒரு குடைமிளகாய்ச் செடிக்கு முழுப்பருவத்துக்கும் கிடைப்பதே ஏறத்தாழ 5 முதல் 8 கிராம்தான். ஒரு பருவத்துச் சாப்பாட்டை நான்கு வாரத்துக்குள்ளேயே ஊட்டிவிட்டீர்கள். அப்படிப்பட்ட செடி இலையும் கிளையுமாகவே போகும், காயைப் பற்றி யோசிக்காது.

யூரியாவை இன்றோடு நிறுத்துங்கள். தொட்டியின் அடித்துளை அடைபடாமல் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, தொட்டியின் கொள்ளளவுக்குச் சமமான நீரை, உங்களுக்கு 15 லிட்டர், அரைமணி நேரத்தில் மெதுவாக ஊற்றி வடியவிடுங்கள். மறுநாள் இன்னொரு தடவை. மிச்ச உப்பில் பெரும்பகுதி கழுவிப் போய்விடும். பிறகு மூன்று நான்கு வாரம் எந்த உரமும் வேண்டாம். காய்கள் கோலிக்குண்டு அளவுக்கு வந்தபின், சாம்பல்சத்து (பொட்டாசியம்) கூடுதலாக உள்ள, நீரில் கரையும் உரத்தை லிட்டருக்கு 1 முதல் 2 கிராம் கரைத்து, இரண்டு வாரத்துக்கு ஒருமுறை.

வானத்தின் கையில் இருப்பது வெப்பம். பகல் 32 டிகிரியைத் தாண்டி, இரவும் 24 டிகிரிக்குக் கீழே இறங்காமல் இருந்தால், மகரந்தம் வீரியமிழந்து, பூ காம்போடு மஞ்சளாகி உதிர்ந்துவிடும். பகல்வெயிலைப் பற்றித்தான் எல்லாரும் கவலைப்படுகிறார்கள்; குடைமிளகாய்க்கு இரவுதான் முக்கியம். மறுபக்கம், இரவு 15 டிகிரிக்குக் கீழே போனாலும் தொல்லைதான்: பூ உதிரும், அல்லது விதையில்லாத, நசுங்கிய, பொத்தான் மாதிரியான காய்கள் வரும். செடியில் அப்படியான குட்டிக்காய்கள் இருந்தால் கிள்ளிவிடுங்கள், அவை பெரிதாகாது.

இதிலிருந்து ஒரு நடைமுறை விதி. விதைத்ததிலிருந்து பூக்க ஏறத்தாழ மூன்று மாதம் ஆகிறது. ஆகவே விதைக்கும் நாளை அன்றைய வானிலையை வைத்துத் தேர்ந்தெடுக்கக் கூடாது. மூன்று மாதம் கழித்து உங்கள் ஊரில் இரவு வெப்பம் 16 முதல் 22 டிகிரிக்குள் இருக்குமா என்று பார்த்து, அங்கிருந்து பின்னோக்கி எண்ணுங்கள். விதை முளைக்கத் தேவையான சூட்டை வீட்டுக்குள் செயற்கையாக உண்டாக்கிவிடலாம். பூக்கும் காலத்து இரவைச் செயற்கையாகக் குளிர்விக்க வீட்டுத் தோட்டத்தில் முடியாது. வெயில் கடுமையான இடமானால் மதியத்துக்கு 30 முதல் 35 சதவீத நிழல்வலை உதவும். அதற்குமேல் அடர்ந்த வலை போட்டால் பூவே குறைந்துவிடும்.

மகரந்தச் சேர்க்கைக்காகத் தூரிகை எடுத்து அலைய வேண்டாம். ஒவ்வொரு பூவிலும் ஆண், பெண் உறுப்புகள் இரண்டும் உண்டு. காற்றில்லாத மூலையில் செடி இருந்தால், காலை பத்து மணியையொட்டிக் கிளையை இரண்டு தட்டு தட்டிவிட்டால் போதும்.

தண்டு முதன்முதலாகக் கவட்டையாகப் பிரியும் இடத்தில் ஒரு பூ வரும். அதைக் கிள்ளிவிடுங்கள். செடி சின்னதாக இருக்கும்போது அந்த ஒரு காய் எல்லாச் சத்தையும் இழுத்துக்கொண்டு வளர்ச்சியை நிறுத்திவிடும். உங்களுடைய ஒரே காய் அங்கேதான் இருக்கிறது. ஒரே காயைப் பறிக்கச் சொல்கிறேனே என்று மனம் கசக்கும், தெரியும். பறித்துவிடுங்கள்.

கருந்தழும்பு

காயின் அடியில், அல்லது அடியை ஒட்டிய பக்கத்தில், முதலில் தண்ணீர் பட்டதுபோல ஒரு புள்ளி. பிறகு அது வெளிர்பழுப்பாகி, தோல்போல உலர்ந்து உள்வாங்கும். கடைசியாக அதன்மேல் கரும்பூசணம் ஏறும். இதற்கு அடியழுகல் என்று பெயர். பூசணம் வந்தது பின்னால்தான்; மூல காரணம் பூசணமல்ல, காய்க்குச் சுண்ணாம்புச்சத்து (கால்சியம்) போய்ச் சேராதது. மண்ணில் அது இல்லாமல் போவது அபூர்வம். சுண்ணாம்புச்சத்து நீரோடு மட்டுமே நகரும்; இலை நீரை ஆவியாக்குவதால் நீரும் சத்தும் இலைப்பக்கமே இழுபடும்; காய் அதிகம் ஆவியாக்காது, ஆகவே அதற்குக் கிடைப்பது மிச்சம்தான். யூரியாவில் புதர்த்த செடியில் அந்த மிச்சமும் இல்லை. இதற்கு நடுவில் ஒருநாள் தொட்டி காய்ந்து செடி துவண்டால், அன்று வளர்ந்துகொண்டிருந்த பிஞ்சில் தழும்பு விழும். கண்ணுக்குத் தெரிய ஒன்றிரண்டு வாரம் ஆவதால், எந்த நாள் தவறியது என்று நமக்கு நினைவே இருக்காது.

முட்டையோடு கெடுதல் இல்லை, ஆனால் அது கால்சியம் கார்பனேட். மண்ணில் கரைய மாதக்கணக்கில் ஆகும், இந்தப் பருவத்துக்கு உதவாது. மெக்னீசியம் சல்பேட் நிலைமையை மோசமாக்கும்: வேர் உறிஞ்சும் இடத்தில் மெக்னீசியமும் சுண்ணாம்புச்சத்தும் போட்டியாளர்கள். இலையில் தெளிக்கும் கால்சியமும் இலையிலேயே தங்கிவிடும், அங்கிருந்து காய்க்கு இறங்காது.

செய்ய வேண்டியது நீரைச் சீராக்குவது. விரலை முதல் கணுவரை மண்ணில் விடுங்கள். காய்ந்திருந்தால், அடித்துளையில் வடியும்வரை ஊற்றுங்கள். ஈரமாக இருந்தால் விட்டுவிடுங்கள். காய் பிடித்த செடி கோடையில் நாளுக்கு ஒன்று முதல் இரண்டு லிட்டர் குடிக்கும். தொட்டியின் மேல் 3 முதல் 5 செ.மீ. காய்ந்த இலைச் சருகு மூடாக்கு போட்டால், காலைக்கும் மாலைக்கும் இடையே மண் காயாது. இதே தழும்பு அடியில் இல்லாமல் வெயில் பார்த்த பக்கத்தில், வெள்ளைக் காகிதம்போல வந்தால், அது வெயில் கருகல். அதற்கு நிழல்வலையும், இலையைக் கழிக்காமல் விடுவதும்தான் தீர்வு.

காரம், ஆண் பெண், வீரிய ஒட்டு

பக்கத்துக் காரமிளகாயின் மகரந்தம் தேனீ மூலம் உங்கள் பூவில் விழலாம். அப்படி விழுந்தாலும் இந்தக் காய் காரமாகாது. காயின் சதையும், காரம் ஊறும் அந்த உள்வெள்ளைத் திசுவும், தாய்ச்செடியின் உடம்பு. மகரந்தம் மாற்றுவது உள்ளே இருக்கும் விதையை மட்டும்தான். அந்த விதையை எடுத்து அடுத்த ஆண்டு ஊன்றினால், அதில் வரும் செடி காரமாகக் காய்க்கும், ஏனென்றால் காரத்துக்கான மரபணு ஓங்கியது. (காரம் விதையில் இருக்கிறது என்பதும் தவறான நம்பிக்கைதான்: விதை அந்த வெள்ளைத் திசுவில் ஒட்டியிருப்பதால் காரம் பூசிக்கொள்கிறது, தான் உற்பத்தி செய்வதில்லை.) ஆக, தின்பதற்கு வளர்த்தால் இரண்டும் பக்கத்தில் இருக்கலாம், விதைக்கு வளர்த்தால்தான் பிரிக்க வேண்டும்.

ஆண் காய், பெண் காய் என்று எதுவும் இல்லை. காய் என்பது பழுத்த சூலகம், அதற்குப் பாலினம் கிடையாது. மூன்று புடைப்பா, நான்கா என்பதை ரகமும் பூக்கும்போது இருந்த சூழலும் முடிவு செய்கின்றன. ஒரே செடியில் இரண்டும் காய்க்கும், எண்ணிப் பாருங்கள்.

விதை வாங்குவது பற்றி என் அபிப்பிராயம்: நன்றாகக் காய்த்தால் போதும் என்றால் வீரிய ஒட்டு. வாளிப்பும் நோய் எதிர்ப்பும் ஒரே சீரான காயும் கிடைக்கும்; விலை கூட. விதையைச் சேமித்து ஆண்டுதோறும் அதையே வளர்க்க ஆசை என்றால், திறந்தவெளி மகரந்தச் சேர்க்கை ரகம். 1928-இல் புழக்கத்துக்கு வந்த கலிஃபோர்னியா ஒண்டர் இன்னும் தாராளமாகக் கிடைக்கிறது: நான்கு புடைப்பு, தடித்த சதை, பச்சையிலிருந்து சிவப்பு. நடவிலிருந்து 75 நாளையொட்டிப் பச்சைக்காய் பறிக்கலாம். நிறம் மாற மேலும் இரண்டு முதல் நான்கு வாரம்.

வீரிய ஒட்டின் விதையை எடுத்து ஊன்றினால் முளைக்கும். ஆனால் தாயைப்போல இருக்காது, ஒவ்வொரு செடியும் ஒரு விதமாகப் பிரியும். கடையில் விற்கும் குடைமிளகாய் பெரும்பாலும் வீரிய ஒட்டே என்பதால், உங்கள் செடியும் அப்படிப் பிரிந்த பிள்ளையாக இருக்கலாம். காய் சிறுத்தோ நீண்டோ வந்தால் உங்கள் வளர்ப்பைக் குறை சொல்லிக்கொள்ளாதீர்கள்.

சட்டத்தைப் பொறுத்தவரை பயப்பட ஒன்றுமில்லை. பயிர் ரகப் பாதுகாப்புக்கான பன்னாட்டு உடன்படிக்கையான உபோவின் 1991 வடிவம், வணிக நோக்கமின்றித் தனிப்பட்ட முறையில் செய்வதை ரக உரிமையிலிருந்து விலக்கியே வைத்திருக்கிறது. விதையை விற்பதும், ரகத்தின் பெயரில் நாற்று விற்பதும் வேறு கதை. சில நாடுகளில் ரக உரிமைக்கு மேல் காப்புரிமையும் உண்டு. விதைப்பொட்டலத்தில் அப்படி அச்சிட்டிருந்தால் மட்டும் உங்கள் நாட்டு விதியைப் பாருங்கள்.

விதையெடுப்பது என்று முடிவு செய்தால், மொட்டாக இருக்கும்போதே மெல்லிய வலைத்துணிப் பையால் கிளையை மூடுங்கள். பிஞ்சு தெரிந்ததும் பையை எடுத்துவிட்டு, காம்பில் ஒரு வண்ணநூலைக் கட்டி அடையாளம் வையுங்கள். முழுதும் நிறம் மாறி, தோல் லேசாகச் சுருங்கத் தொடங்கும்போது பறித்து, விதையை நிழலில் தட்டில் பரப்பி உலர்த்துங்கள். வளைத்தால் வளையாமல் பட்டென்று ஒடிகிற விதைதான் காய்ந்த விதை.

எப்போது பிடுங்கலாம்

பிடுங்க வேண்டாம் என்றேன். ஆனால் இரண்டு சமயங்களில் தயங்கக் கூடாது. இலையில் பச்சையும் மஞ்சளுமாகத் திட்டுத்திட்டாகப் படர்ந்து, புது இலைகள் ஒடுங்கி உருக்குலைந்து வந்தால் நச்சுயிரி (வைரஸ்); மருந்து கிடையாது. மற்றது, இலை பச்சையாக இருக்கும்போதே செடி முழுவதும் துவண்டு, இரவிலும் தேறாமல் இருந்தால், அடித்தண்டில் ஒரு துண்டை வெட்டிக் கண்ணாடித் தம்ளர் நீரில் தொங்கவிடுங்கள். சில நிமிடத்தில் வெட்டுவாயிலிருந்து பால் இழைபோல ஒன்று கீழே இறங்கினால் பாக்டீரியா வாடல். செடியையும் மண்ணையும் அப்புறப்படுத்திவிட்டு, தொட்டியைக் கழுவுங்கள். அந்த மண்ணில் தக்காளி, கத்தரி, உருளையும் வைக்கக் கூடாது, எல்லாம் ஒரே குடும்பம்.

இலை சுருள்வதற்கெல்லாம் பிடுங்க வேண்டியதில்லை. விளிம்பு மேல்நோக்கிப் படகுபோலச் சுருண்டால் பெரும்பாலும் இலைப்பேன்; கீழ்நோக்கிக் கவிழ்ந்து இலை குறுகினால் சிலந்திப்பேன். இரண்டும் கண்ணில் படுவது கஷ்டம். வெள்ளைத் தாளின் மேல் கிளையைத் தட்டி, விழுவது நகர்கிறதா என்று பாருங்கள். லிட்டர் நீருக்கு 5 மி.லி. வேப்பெண்ணெய், கரைய ஒன்றிரண்டு மி.லி. திரவ சோப்பு, மாலையில், இலையின் அடிப்பக்கம் நனையும்படி; வாரத்துக்கு ஒருமுறையாக மூன்று முறை. நடுவெயிலில் அடித்தால் இலை பொசுங்கும். சிலந்திப்பேன் அடங்கவில்லையென்றால் நனையும் கந்தகத்தூள் லிட்டருக்கு 2 கிராம் கேட்கும். ஆனால் எண்ணெய் தெளித்து இரண்டு வாரத்துக்குள் அதைத் தெளிக்கக் கூடாது.

செடிக்கு 90 செ.மீ. உயரத்தில் ஒரு முட்டு கொடுத்துத் தளர்வாகக் கட்டிவிடுங்கள். காய் கனத்தால் கவட்டை பிளந்துவிடும், அவ்வளவு நொய்ந்த கிளை. பறிக்கும்போதும் இழுக்காமல், ஒரு செ.மீ. காம்போடு கத்தரியால் வெட்டுங்கள்.

கடைசியாக, ஓரத்தில் கேட்டிருந்தீர்களே. அந்தக் காயைப் பறித்து நெடுக்காகப் பிளந்து பாருங்கள். தழும்புக்கு நேர் உட்புறத்தில் சாம்பல் நிறமோ கருப்போ பஞ்சுபோலப் படர்ந்திருந்தால், முழுக்காயையும் எறிந்துவிடுங்கள். உள்சுவர் சுத்தமாக, சதை இறுகி இருந்தால், தழும்பைச் சுற்றி ஒரு விரற்கடை தள்ளி வெட்டியெடுத்துவிட்டு மிச்சத்தைச் சமைக்கலாம். விதையை மட்டும் எடுத்து வைக்காதீர்கள்; அது இன்னும் பிஞ்சு.